கழிவில் இருந்து பெயிண்ட்: சந்தையும் அரசுக் கொள்முதலும்

மறுசுழற்சி பெயிண்ட் என்பது வீடுகளிலும் கட்டுமான இடங்களிலும் மீந்துபோன பெயிண்டைச் சேகரித்து, தரம் பிரித்து, வடிகட்டி, மீண்டும் பூசத்தக்கதாக ஆக்கி விற்கப்படும் பொருள். 1990களில் வட அமெரிக்காவில் இது ஒரு தொழிலாக வளர்ந்தது. இந்தியாவில் மீந்த பெயிண்டைச் சேகரிக்கும் பரவலான ஏற்பாடு உருவாகவில்லை. ஆனால் மாட்டுச் சாணத்தில் இருந்து செய்யப்படும் பெயிண்ட் 2021 முதல் பொதுமக்களிடமும் அரசுத் துறைகளிடமும் விற்கப்படுகிறது. இரண்டும் வெவ்வேறு பொருள்கள். எனினும் கழிவில் இருந்து வந்த பெயிண்டை முதலில் வாங்குவது யார் என்ற கேள்வியை இரண்டுமே எதிர்கொண்டன. செய்முறையைவிட அந்தக் கேள்வியே இத்தொழிலின் போக்கைத் தீர்மானித்தது. மாவட்ட நிர்வாகம் இயங்கும் வேங்கிக்கால் போன்ற ஊர்களுக்கும் அந்த வரலாற்றில் பாடம் உண்டு.

செய்முறை

மறுசுழற்சிக்கு ஏற்றது பெரும்பாலும் தண்ணீர் கலந்து பூசும் பெயிண்ட். அமெரிக்காவில் இதை லேட்டக்ஸ் பெயிண்ட் என்பர். இந்தியாவில் எமல்ஷன் என்ற பெயரில் கிடைக்கிறது. சேகரித்த டின்களைத் திறந்து, கெட்டுப்போனவற்றையும் கட்டிதட்டியவற்றையும் கழிப்பார்கள். எஞ்சியதை நிறவாரியாகப் பெரிய தொட்டிகளில் ஊற்றிக் கலக்கி வடிகட்டுவார்கள்.

இதில் இரண்டு வகைகள் உண்டு. சேகரித்த பெயிண்டை ஒன்றாகக் கலந்து, பூஞ்சைத் தடுப்பு மருந்து போன்ற சிலவற்றை மட்டும் சேர்ப்பது ஒரு வகை. புதிய பிசினும் நிறமியும் சேர்த்து, குறிப்பிட்ட நிறத்துக்கும் தரத்துக்கும் கொண்டுவருவது இரண்டாவது வகை. முதல் வகை மலிவானது; ஆனால் சாம்பல், பழுப்பு, மங்கிய மஞ்சள் போன்ற சில நிறங்களிலேயே கிடைக்கும். பல நிறங்களைக் கலந்தால் கிடைப்பது பெரும்பாலும் இவையே. தூய வெள்ளையைப் பெறுவதுதான் மிகக் கடினம்.

அவநம்பிக்கையின் காரணங்கள்

மறுசுழற்சி பெயிண்டை மக்கள் சந்தேகித்ததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுப் பெயிண்டில் ஈயம் 1978இல் தடை செய்யப்பட்டது. கெடாமல் இருப்பதற்காகச் சேர்க்கப்பட்ட பாதரசச் சேர்மங்கள் வீட்டு உட்புற லேட்டக்ஸ் பெயிண்டில் 1990 ஆகஸ்ட் வரை அனுமதிக்கப்பட்டிருந்தன. பரணில் பல ஆண்டுகள் கிடந்த ஒரு டின் எந்தக் காலத்தது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை.

எனவே மறுசுழற்சி நிலையங்களுக்கு ஆய்வகச் சோதனை தவிர்க்க முடியாததாயிற்று. ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து விற்றாலும், இது பிறர் கழித்துப் போட்டது என்ற எண்ணம் வாடிக்கையாளரிடம் எஞ்சியது. குறைந்த விலைகூடச் சில வேளைகளில் எதிராக வேலை செய்தது. மலிவானது மட்டமானது என்று மக்கள் கருதினர்.

முதல் பெரிய வாடிக்கையாளர்

ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து வட்டார அரசான மெட்ரோ, 1992இல் மீந்த லேட்டக்ஸ் பெயிண்டை மறுசுழற்சி செய்யத் தொடங்கியது. 'மெட்ரோபெயிண்ட்' என்ற பெயரில் அது விற்கப்பட்டது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 'பூமராங்' என்ற பெயரில் மறுசுழற்சி பெயிண்ட் கடைகளுக்கு வந்தது. எறிந்தது திரும்பி வருகிறது என்பதே அப்பெயரின் பொருள். பழையது, மீந்தது போன்ற சொற்களைத் தவிர்த்து வேறொரு பெயரில் விற்பது இத்தொழிலின் பொது வழக்கமாயிற்று.

பெரிய அளவிலான தேவையை உருவாக்கியதில் அரசுக் கொள்முதலுக்கு முக்கியப் பங்கு உண்டு. 1976ஆம் ஆண்டின் கழிவுச் சட்டம், கூட்டரசின் பணத்தில் பொருள் வாங்கும் அலுவலகங்கள் மீட்கப்பட்ட பொருள்களுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் கீழ் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997 நவம்பரில் வெளியிட்ட பட்டியலில் லேட்டக்ஸ் பெயிண்டும் சேர்ந்தது. ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் அப்பொருளை வாங்கும் அலுவலகங்களுக்கு அது பொருந்தியது. வெள்ளை, வெளிர் நிறங்களில் குறைந்தது 20 விழுக்காடும், சாம்பல், பழுப்பு போன்ற அடர் நிறங்களில் 50 முதல் 99 விழுக்காடு வரையும் பயன்படுத்தி மீந்த பெயிண்ட் இருக்கலாம் என்று முகமை பரிந்துரைத்தது. 'சுற்றுச்சூழலுக்கு நல்லது' என்ற பொதுவான வேண்டுகோள், கொள்முதல் அலுவலர் ஆவணத்தில் எழுதக்கூடிய எண்ணாக மாறியது.

நகராட்சிகளுக்கு வேறொரு தேவையும் இருந்தது. பொதுச் சுவர்களில் இரவோடு இரவாக எழுதப்படும் கிறுக்கல்களை மறைக்க விலை குறைந்த பெயிண்ட் வேண்டியிருந்தது. நிறம் ஒரு சாயல் மாறினாலும் அங்கே யாரும் குறை சொல்வதில்லை. நியூசிலாந்தில் ரெசீன் நிறுவனம் 2004இல் தொடங்கிய சேகரிப்புத் திட்டத்தின் பெயிண்டும் இதற்குப் பயன்பட்டது. கடையில் விலைபோகாத மங்கிய நிறங்களுக்கு இவ்வாறு ஒரு சந்தை கிடைத்தது.

சான்றும் கட்டணமும்

'கிரீன் சீல்' என்ற அமெரிக்கத் தரச்சான்று அமைப்பு 2006இல் மறுசுழற்சி லேட்டக்ஸ் பெயிண்டுக்கென்றே ஜிஎஸ்-43 என்ற தரவரையறையை வெளியிட்டது. விற்பவரின் சொல்லை நம்ப வேண்டிய நிலை அதனால் மாறியது; டெண்டரில் அந்த எண்ணைக் குறிப்பிட்டாலே போதும் என்றாயிற்று.

சேகரிக்கும் செலவை யார் ஏற்பது என்ற சிக்கலுக்கு ஓரிகன் 2009இல் விடை கண்டது. அமெரிக்காவின் முதல் பெயிண்ட் பொறுப்பேற்புச் சட்டம் அங்கே நிறைவேறி, 2010 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. புதிய பெயிண்டின் ஒரு காலன் டின்னுக்கு 75 சென்ட் கட்டணம் விதிக்கப்பட்டது. அந்தப் பணத்தில் 'பெயிண்ட்கேர்' என்ற அமைப்பு மீந்த பெயிண்டைச் சேகரித்தது. கலிஃபோர்னியா உள்ளிட்ட பல மாநிலங்கள் பின்னர் இதே வழியைப் பின்பற்றின.

இந்திய நிலை

இந்தியாவில் மீந்த பெயிண்ட் எளிதில் குப்பைக்குப் போவதில்லை. சுவருக்குப் பூசியதில் மீந்தது மாடிப்படிக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ போகும். இல்லையென்றால் பெயிண்டர் எடுத்துச் செல்வார். ஆயினும் காய்ந்த டப்பாக்களும் அடியில் தங்கியதும் சாக்கடையிலும் குப்பைமேட்டிலும் சேர்கின்றன. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தூக்கியெறியப்பட்ட பெயிண்ட் டப்பாக்களை வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் அமைக்கும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் அவ்விதிகள் ஒப்படைத்தன.

ஈயம் பற்றிய கட்டுப்பாடு இங்கே தாமதமாகவே வந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மிகக்கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டின்களைக் கலந்து விற்பது ஆபத்தானது. இந்தியாவில் மீந்த பெயிண்டை மறுசுழற்சி செய்ய முனைபவர் முதலில் கடக்க வேண்டிய தடை இதுவே.

விற்பனையில் இன்னொரு தடையும் உண்டு. எந்த நிறுவனத்தின் பெயிண்டை வாங்குவது என்பதை இந்தியாவில் பல வீடுகளில் பெயிண்டரே முடிவு செய்கிறார். பெரிய நிறுவனங்கள் டின்னுக்குள் டோக்கன் வைத்து அவருக்கு ஊக்கத்தொகை தருகின்றன. வீட்டுக்காரரை மட்டும் குறிவைக்கும் விளம்பரத்தால் புதிய பெயிண்ட் இந்தச் சந்தையில் நுழைவது கடினம்.

காதி பிராக்ருதிக் பெயிண்ட்

சாணப் பெயிண்டை உருவாக்கியது ஜெய்ப்பூரில் உள்ள குமரப்பா தேசியக் கைக்காகித நிறுவனம். தஞ்சாவூரில் 1892இல் பிறந்து, கிராமத் தொழில்களுக்காக வாழ்நாள் முழுதும் உழைத்த காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பாவின் பெயரை அந்நிறுவனம் தாங்கியிருக்கிறது. காதி மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையத்தின் கீழ் இது இயங்குகிறது.

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி இதை 'வேதப் பெயிண்ட்' என்று அறிவித்தார். 2021 ஜனவரி 12 அன்று 'காதி பிராக்ருதிக் பெயிண்ட்' என்ற பெயரில் அவரே இதை வெளியிட்டார். டிஸ்டெம்பர் லிட்டர் 120 ரூபாய், எமல்ஷன் லிட்டர் 225 ரூபாய் என விலை வைக்கப்பட்டது. கன உலோகங்கள் இல்லாதது, மணமற்றது, பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தடுப்பது, வெப்பத்தைக் குறைப்பது என எட்டுப் பயன்களை ஆணையம் பட்டியலிட்டு 'அஷ்ட லாபம்' என்றது. 2021 ஜூலையில் ஜெய்ப்பூரில் தானியங்கி உற்பத்திப் பிரிவு திறக்கப்பட்டபோது, தாமே இதன் விளம்பரத் தூதர் என்று கட்கரி கூறினார். தம் நாக்பூர் வீட்டுக்கு 1,000 லிட்டர் வாங்கவும் பதிவு செய்தார்.

அமெரிக்கப் பெயிண்ட் தன் பிறப்பை மறைத்து விற்கப்பட்டது; இந்தியப் பெயிண்ட் தன் பிறப்பைச் சொல்லியே விற்கப்பட்டது. சாணம் மெழுகிய வீட்டை அறிந்த மக்களுக்கு அது அருவருப்பான பொருள் அல்ல. பசு வளர்ப்போருக்குக் கூடுதல் வருமானம் என்ற வாக்குறுதியும் விளம்பரத்தில் முன்னின்றது. ஆனால் அரசுப் பொறியாளருக்கு இவை எதுவும் போதாது. அவர் கேட்பது தர எண். டிஸ்டெம்பர் ஐஎஸ் 428, எமல்ஷன் ஐஎஸ் 15489 ஆகிய இந்தியத் தரங்களுக்கு உட்பட்டது என்று ஆணையம் அறிவித்தது இதனால்தான்.

சத்தீஸ்கர்: ஆணையால் உருவான சந்தை

சத்தீஸ்கர் அரசு 2020 ஜூலை 20 அன்று கோதன் நியாய யோஜனாவைத் தொடங்கியது. கால்நடை வளர்ப்போரிடம் கிலோ 2 ரூபாய்க்குச் சாணம் வாங்கும் திட்டம் இது. முதலில் மண்புழு உரம் தயாரிக்கப்பட்டது. பின்னர் பெயிண்டும் சேர்ந்தது. இதற்கான தொழில்நுட்பத்தைப் பெற 2021 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கிராமக் கால்நடை மையங்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பெயிண்ட் தயாரித்தன. அரசுக் கட்டடங்களுக்கு இதையே பூச வேண்டும் என்று முதலமைச்சர் பூபேஷ் பகேல் உத்தரவிட்டார். துறைகள் ரசாயனப் பெயிண்டையே தொடர்ந்து பயன்படுத்துவது கண்டு அதிருப்தியும் தெரிவித்தார். எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒன்றிய அமைச்சர் கட்கரி இந்த முடிவைப் பாராட்டினார்.

முதலமைச்சரின் உத்தரவு இருந்தும் துறைகள் தயங்கியது கவனிக்கத்தக்கது. 2023 டிசம்பரில் ஆட்சி மாறியபின் சாணக் கொள்முதல் தொடரவில்லை. ஒரு தலைவரின் ஆர்வத்தில் பிறக்கும் சந்தை அவரோடு சுருங்கிவிடக்கூடும் என்பதற்கு இது சான்று. 2025 மே மாதம் உத்தரப் பிரதேச முதலமைச்சர் யோகி ஆதித்யநாத்தும் அரசுக் கட்டடங்களுக்குச் சாணப் பெயிண்டைப் பயன்படுத்தப் பணித்தார்.

வேங்கிக்காலும் மாவட்டக் கொள்முதலும்

1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்துத் திருவண்ணாமலை மாவட்டம் உருவாக்கப்பட்டது. அதன் ஆட்சியர் அலுவலகம் வேலூர் சாலையில் வேங்கிக்காலில் இயங்குகிறது. பள்ளி, அங்கன்வாடி, விடுதி, ஊராட்சி அலுவலகம் என ஒரு மாவட்டத்தில் பெயிண்ட் பூச வேண்டிய அரசுச் சுவர்கள் ஏராளம். தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் பொதுச் சுவர்களில் உள்ள கட்சி விளம்பரங்களை அழிக்கும் பணியும் மாவட்ட நிர்வாகத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959 முதல் இருக்கிறது. பிற நாடுகளின் நகராட்சிகளில் மங்கிய நிறங்களுக்கு இடம் கொடுத்த அதே வகையான வேலை இது. இங்கே பெரும்பாலும் சுண்ணாம்பு அதைச் செய்கிறது. சுண்ணாம்பைவிட விலை கூடிய எதுவும் தன் தேவையை முதலில் நிரூபிக்க வேண்டும்.

அரசு வாங்கும் முறையும் வரையறுக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டப்படி, தகுதியுள்ளவற்றில் விலை குறைந்த ஒப்பந்தப்புள்ளியே பொதுவாக ஏற்கப்படும். மதிப்பீடு பொதுப்பணித் துறையின் விலை விகித அட்டவணையைக் கொண்டு தயாராகிறது. அட்டவணையில் இல்லாத பொருளுக்குத் தனி அனுமதி வேண்டும். தணிக்கைக் கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். ஒரு பொறியாளர் புதிய பெயிண்டைத் தவிர்ப்பது எப்போதும் அலட்சியத்தால் அல்ல.

சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களைக் காட்ட ஒன்றிய அரசு 1991இல் மண்பானைச் சின்னத்துடன் 'ஈகோமார்க்' சான்றைத் தொடங்கியது. கட்டடப் பெயிண்டும் அதில் இடம்பெற்றது. ஆனால் அச்சான்றைப் பெற மிகச் சில நிறுவனங்களே முன்வந்தன. அதனால் 2024இல் புதிய ஈகோமார்க் விதிகள் வெளியாயின. கேட்பவர் இல்லாத சான்றை நிறுவனங்கள் நாடுவதில்லை. அமெரிக்காவில் கொள்முதல் பட்டியல் 1997இலும் தனித் தரவரையறை 2006இலும் வந்தன. வாங்குபவர் முன்னால் வர, சான்று பின்தொடர்ந்தது. இந்தியாவில் அந்த வரிசை தலைகீழாயிற்று.