மாட்டிக்கிட்ட தோட்டாக்கூடும் கஸ்டரின் தோல்வியும்

எவர்சில்வர் டம்ளர் ரெண்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிக்கிட்டா உங்க வீட்டில் என்ன செய்வாங்க? உள் டம்ளரில் சில்லுன்னு தண்ணி ஊத்தி, வெளி டம்ளரை வெந்நீரில் வைப்பாங்க. கொஞ்ச நேரத்தில் கழண்டு வந்துடும். அவசரப்பட்டு விளிம்பைப் பிடிச்சு இழுத்தா விளிம்புதான் நசுங்கும்.

துப்பாக்கிக்காரர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்காவில் சுட்ட தோட்டாவின் காலிக்கூட்டைத் தூக்கிப் போடாமல், மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பிப் பயன்படுத்துகிறவர்கள் நிறைய. சுடும்போது கூடு கொஞ்சம் உப்பிவிடும். அதை 'டை' என்கிற எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மசகு தடவ மறந்தால் தீர்ந்தது கதை, கூடு உள்ளேயே இறுகிவிடும். பலமாக இழுத்தால் அடிவிளிம்பு மட்டும் பிய்ந்து வரும். அப்புறம் கூட்டின் அடியில் துளை போட்டு, அதில் மரை வெட்டி, ஒரு போல்ட்டை முறுக்கி, அந்தப் போல்ட்டைப் பிடித்து மெதுவாக வெளியே இழுக்கணும்.

பட்டறை மேஜையில் இது ஒரு சாயங்கால எரிச்சல், அவ்வளவுதான். எதிரி நெருங்கி வரும்போது துப்பாக்கிக்குள்ளேயே கூடு மாட்டிக்கொண்டால்? அதுதான் இந்தப் பதிவு.

1876 ஜூன் 25. இன்றைய மொன்டானா மாநிலத்தில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. அமெரிக்க ராணுவத்தின் 7-வது குதிரைப்படையோடு வந்த ஜார்ஜ் கஸ்டர், லகோட்டா, ஷையான் மக்கள் தங்கியிருந்த மிகப்பெரிய முகாமைத் தாக்கப் போனார். படையைப் பிரித்தார். அவரோடு போன ஐந்து கம்பெனிகளில் சுமார் 210 பேர். ஒருத்தர்கூட உயிரோடு திரும்பவில்லை. மேஜர் மார்கஸ் ரீனோவும் கேப்டன் பென்டீனும் மிச்சப் படையோடு சில மைல் தள்ளி ஒரு குன்றின்மேல் முற்றுகையில் கிடந்து பிழைத்தார்கள்.

வீரர்கள் கையில் இருந்தது 1873 மாடல் ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன். பெட்டி மூடி மாதிரி மேல்பக்கம் திறக்கும். ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடணும். சுட்டதும் மூடியைத் திறந்தால் ஒரு சின்னக் கொக்கி காலிக்கூட்டின் விளிம்பைப் பிடித்து வெளியே தள்ளும்.

பிரச்சினை கூட்டில் இருந்தது. அது செம்பு. பித்தளைக்கு ஒரு நல்ல குணம்: வெடிக்கும்போது விரிந்து, அழுத்தம் போனதும் கொஞ்சம் சுருங்கிப் பழைய இடத்துக்கு வரும். செம்பு மெத்து. விரிந்தது விரிந்தபடி குழல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். போதாததுக்கு, தோல் பெல்ட்டில் செருகி வைத்த செம்புத் தோட்டாக்களில் பச்சைக் களிம்பு வேறு பிடிக்கும். (செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்காம விட்டா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா!) தொடர்ந்து சுட்டுச் சூடேறிய துப்பாக்கியில் இந்தக் களிம்பும் கரியும் சேர்ந்தால் கொக்கி விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், கூடு உள்ளேயே நின்றுவிடும். காலாட்படைத் துப்பாக்கியில் குழலுக்கு அடியில் ஒரு கம்பி இருக்கும், அதை முன்பக்கமாக விட்டுக் குத்தித் தள்ளலாம். கார்பைனில் அதுவும் கிடையாது. கையில் மிச்சம் பேனாக்கத்தி.

சண்டை முடிந்து சில வாரத்திலேயே ரீனோ ராணுவத் தளவாடத் தலைமைக்கு ஒரு கடிதம் எழுதினார். தன்னிடம் இருந்த 380 கார்பைன்களில் ஆறு இப்படிக் கூடு மாட்டிப் பயனற்றுப் போயின என்றார். இன்னொரு விஷயமும் சொன்னார்: கஸ்டரின் ஆட்கள் குண்டுமழைக்கு நடுவே உட்கார்ந்து துப்பாக்கியோடு மல்லுக்கட்டியதை ஒரு செவ்விந்திய ஒற்றர் மறைவிலிருந்து பார்த்தாராம். பிணங்களுக்குப் பக்கத்தில் முனை உடைந்த கத்திகள் கிடந்தனவாம். இதில் ஒரு வேடிக்கை என்னன்னா, இந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்த ராணுவக் குழுவில் ரீனோவும் ஒருத்தர்!

உடைந்த கத்தி என்பது மறக்க முடியாத காட்சி. அதனாலேயே "கஸ்டரைத் தோற்கடித்தது செம்புத் தோட்டா" என்கிற கதை நூறு வருஷம் ஓடியது.

1983-இல் ஒரு புல் தீ அந்த மைதானத்தை மொட்டையடித்தது. அடுத்த வருஷம் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர்கள் மெட்டல் டிடெக்டரோடு இறங்கினார்கள். கிடைத்த காலிக்கூடுகளை, போலீஸ் தடயவியலில் செய்வது மாதிரி ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கத்தியால் நெம்பி எடுத்திருந்தால் கூட்டில் கீறல் இருக்குமே? இருந்தது. ஆனால் நூற்றுக்கு நாலுகூடத் தேறவில்லை. கூடு மாட்டிய துப்பாக்கியை ஜெயித்தவர்கள் அப்படியே எடுத்துப் போயிருந்தால் அது இந்தக் கணக்கில் வராதுதான். ஆனாலும் ரீனோ சொன்ன 380-க்கு ஆறு என்பதும் இதே மாதிரி சின்ன எண்தானே.

அதே மண் வேறொன்றையும் சொன்னது. எதிர்த்தரப்பிடம் ஹென்றி, வின்செஸ்டர் மாதிரி அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிகள் நிறைய இருந்திருக்கின்றன. எண்ணிக்கையிலும் அவர்கள் பலமடங்கு. பின்னால் கூடாரங்களில் மனைவி, குழந்தை, கிழவர்கள். தப்பித்து ஓடுவார்கள் என்று கஸ்டர் போட்ட கணக்குதான் தப்பு.

எங்க வேலையில் சர்வர் படுத்தால் மறுநாள் "மூல காரணம் என்ன" என்று ஒரு மீட்டிங் போடுவோம். எல்லாரும் தேடுவது ஒரே ஒரு பக்-ஐத்தான். கிடைத்துவிட்டால் பெருமூச்சு. திட்டமிட்டவர், தேதி குறித்தவர் எல்லாரும் தப்பித்துவிடலாம். செம்புத் தோட்டாவும் அப்படி ஒரு பக். அது நிஜமாகவே இருந்தது, சில பேர் உயிரையும் வாங்கியிருக்கும். ஆனால் தோல்விக்கு அதையே காரணமாக்கினால் தளபதி தப்பிக்கிறார். அதைவிட மோசம், தங்கள் குடும்பங்களைக் காக்கச் சண்டை போட்டு ஜெயித்த லகோட்டா, ஷையான் வீரர்களின் வெற்றி வெறும் 'மெஷின் கோளாறு' ஆகிவிடுகிறது.

அதுக்காக பக்-ஐச் சரிசெய்ய வேண்டாமா? செய்தார்கள். அடுத்து வந்த 1877 மாடல் கார்பைனில் பின்கட்டைக்குள் ஒரு பொந்து குடைந்து, துண்டு துண்டாகக் கழற்றும் கம்பியும், தலை பிய்ந்த கூட்டை இழுக்க ஒரு கருவியும் வைத்தார்கள். பிற்பாடு செம்பு போய்ப் பித்தளை வந்தது.

தொண்ணூறு வருஷம் கழித்து, 1966-67-இல் வியட்நாம். புது எம்-16 துப்பாக்கி. வெடிமருந்தை மாற்றியிருந்தார்கள், குழலறைக்குக் குரோமிய முலாம் இல்லை, துடைக்கும் கம்பியும் போதுமான அளவு போய்ச்சேரவில்லை. மறுபடியும் கூடு மாட்டியது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரிக்கும் அளவுக்குப் போனது. பிறகு முலாம் பூசினார்கள். பின்கட்டைக்குள் துடைக்கும் சாமான் வைக்க... ஆமாங்க, மறுபடி ஒரு பொந்து!

கூடு எப்போதாவது மாட்டத்தான் செய்யும். பட்டறையில் இருப்பவருக்குத் துளை போட நேரம் இருக்கு. களத்தில் நிற்பவனுக்கு அந்தக் கம்பியை முன்கூட்டியே வேறொருத்தர் யோசித்துக் கொடுத்திருக்கணும். லிட்டில் பிக்ஹார்னில் அப்படித் தவித்தது நூற்றுக்கு நாலு பேருக்கும் குறைவாகவே இருக்கலாம். கையில் உடைந்த கத்தியோடு உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தச் சதவீதத்தால் என்ன ஆறுதல்?