சிறு விமானங்களில் எரிபொருள் மாறாட்டமும் அதன் தடுப்பும்

பிஸ்டன் எஞ்சின் பூட்டிய சிறு விமானத்தின் தொட்டியில், அதற்குரிய விமானப் பெட்ரோலுக்குப் பதிலாக ஜெட் விமானங்களுக்குரிய மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளை நிரப்பிவிடுவதும், டர்பைன் அல்லது டீசல் எஞ்சின் பொருந்திய விமானத்தில் பெட்ரோலை ஊற்றிவிடுவதும் எரிபொருள் மாறாட்டம் எனப்படும். டர்பைன் எஞ்சின்களிற் பல, பெட்ரோலைச் சில மணி நேரம் சகித்துக்கொள்ளக் கூடியவை. பிஸ்டன் எஞ்சினுக்கு அத்தகைய பொறுமை இல்லையாதலால், இக்கட்டுரை பெரும்பாலும் முதல் வகை மாறாட்டத்தைப் பற்றியதே.

ஜெட் எரிபொருளின் ஆக்டேன் மதிப்பு மிகத் தாழ்ந்தது. அது பெட்ரோலுடன் கலந்து சிலிண்டருக்குள் புகும்போது, கலவை சீராக எரியாமல் திடீரென வெடித்து, உஷ்ணத்தை வரம்பு கடந்து உயர்த்தி, பிஸ்டனையே பொத்துவிடும். இவ்விபரீதம் உடனே வெளிப்படாமையே இதன் கொடுமை. குழாய்களில் முன்பே தங்கியிருந்த நல்ல பெட்ரோலைக் கொண்டு எஞ்சின் முறைப்படி கிளம்பும்; ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லும்; புறப்பாட்டுக்கு முந்திய சோதனையிலும் பெரும்பாலும் தேறிவிடும். விமானம் தரையை விட்டெழுந்து, திரும்புவதற்குப் போதிய உயரமும் பெறாத அந்தச் சில நிமிஷங்களிலேதான் சக்தி குன்றும்.

இம்மாறாட்டத்துக்கு ஊழியரின் அசிரத்தை ஒன்றையே காரணமாகக் கூறுவது நியாயமாகாது. ஒரே உற்பத்தியாளரின் விமானங்கள் தோற்றத்தில் ஒத்திருந்து எஞ்சினில் வேறுபடுவதுண்டு. பைப்பர் மாலிபு மிராஜ் பிஸ்டன் விமானம். அதே உடலமைப்பிற் பிறந்த மெரிடியன் டர்பைன் விமானம். டயமண்ட் டிஏ40 விமானத்திலோ பெட்ரோலில் ஓடும் வகையும் ஜெட் எரிபொருளில் ஓடும் டீசல் வகையும் உண்டு. டர்போசார்ஜர் பொருத்திய பிஸ்டன் விமானத்தின் பக்கத்தில் அழகுக்காகத் தீட்டிய ‘டர்போ’ என்னும் எழுத்தை, டர்பைன் என்று கொண்டு ஏமாந்தவர்களும் உளர்.

புகழ்பெற்ற அமெரிக்க விமானி பாப் ஹூவரின் அனுபவம் இத்துறையில் ஒரு திருப்பமாயிற்று. சான் டியாகோவின் பிரௌன் ஃபீல்டு விமான நிலையத்தில் அவருடைய ஷ்ரைக் கமாண்டர் விமானத்தை, தோற்றத்தில் அதனை ஒத்த டர்பைன் விமானமென்று கருதிய ஊழியர் ஒருவர், அதில் ஜெட் எரிபொருளை நிரப்பிவிட்டார். புறப்பட்டவுடன் இரண்டு எஞ்சின்களும் செயலிழக்க, ஹூவர் தம் அபாரத் திறமையால் விமானத்தை ஒரு பள்ளத்தாக்கில் இறக்கினார். விமானம் சிதைந்தாலும் அதிலிருந்த மூவரும் பிழைத்தனர். அவர் அவ்வூழியரைத் தண்டிக்கச் சொல்லாமல், இனி இத்தவற்றை இவர் ஒருபோதும் செய்யார் என்று கூறித் தமது மற்றொரு விமானத்துக்கு எரிபொருள் நிரப்பும் பணியை அவரிடமே ஒப்படைத்தார். அந்தப் பெருந்தன்மையோடு நின்றுவிடாமல், மனித ஞாபகத்தை நம்பாத உபாயம் ஒன்று வேண்டுமென்று அவர் முயன்றதே நமக்கு இங்கு முக்கியமானது.

அவர் பெயராலேயே வழங்கும் ஹூவர் நாஸில், ஜெட் எரிபொருள் குழாயின் முனையை வாத்தின் அலகுபோல் தட்டையாக அகலப்படுத்தியது. அதன் அகலம் சுமார் 67 மில்லிமீட்டர். பெட்ரோல் விமானத்தின் தொட்டி வாய் 2.36 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 60 மில்லிமீட்டருக்கு, மேற்படலாகாதென அமெரிக்க விதிகள் வகுத்தமையால், அகன்ற முனை அதனுள் நுழையாது. அகன்ற வாயுள்ள பழைய விமானங்களில் அதைக் குறுக்கும் வளையத்தைப் பொருத்திக்கொள்ளலாம். பெட்ரோலுக்குச் சிவப்பும் ஜெட் எரிபொருளுக்குக் கறுப்புமாக லாரியிலும் தொட்டி வாயிலும் ஒட்டும் சீட்டுகள் உதவியானவையே எனினும், எழுத்தும் வர்ணமும் களைத்த கண்ணுக்குத் தப்பிவிடும். கையைத் தடுத்து நிறுத்துவது வடிவம்தான்.

ஆயினும் அத்தடையும் பூரணமானதன்று. சில ஹெலிகாப்டர்களிலும் சில டர்பைன் விமானங்களிலும் தொட்டி வாய் சிறிதாயிருப்பதால், அவற்றின் வசதிக்கென ஜெட் லாரிகளில் உருண்டை முனையை மாட்டிவைக்கும் வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் அதைக் கழற்றாமல் விடுவது பேராபத்து. அகன்ற முனையையே சாய்த்துப் பிடித்து ஊற்றிய நிகழ்ச்சியும் உண்டு. 2019 அக்டோபர் 5 அன்று இண்டியானா மாநிலத்துக் கோகோமோவில் ஏரோஸ்டார் விமானம் ஒன்று இவ்வாறு ஜெட் எரிபொருளுடன் புறப்பட்டு விழுந்து, விமானி மாண்டார். ஜெட் எரிபொருள்தான் வேண்டுமா என்று விமானியை இருமுறை கேட்டதாக ஊழியர் விசாரணையில் கூறினார். முனை நுழைய மறுத்த அந்தக் கணத்தில் வேலையை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதே இவ்விபத்தின் பாடம்.

2014 ஆகஸ்ட் 27 அன்று நியூ மெக்ஸிகோவின் லாஸ் க்ரூஸஸில், செஸ்னா 421 வகை ஆம்புலன்ஸ் விமானம் ஜெட் எரிபொருளை நிரப்பியதால் வீழ்ந்து, நோயாளி உட்பட நால்வர் இறந்தனர். எரிபொருள் நிரப்பும்போது விமானி உடனிருந்து உதவியும் புரிந்து, ரசீதில் கையொப்பமும் இட்டிருந்தார். ஆகையால் அருகில் நிற்பது மட்டும் போதாது; கேட்கும்போதே எரிபொருளின் வகையையும் அளவையும் பெயர் சொல்லிக் கேட்டு, லாரியின் சீட்டைப் படித்து, ரசீதிலும் அதே பெயர் உள்ளதா என்று சரிபார்த்தல் அவசியம்.

அடித்தொட்டியிலிருந்து வடித்தெடுக்கும் மாதிரியைச் சோதிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. இன்று பெரிதும் வழங்கும் ‘100 எல்எல்’ பெட்ரோல் நீல நிறமுடையது. ஜெட் எரிபொருள் நிறமற்றது அல்லது வைக்கோல் நிறமானது. நீரைப்போல அடியில் தனித்துத் தங்காமல் இரண்டும் ஒன்றாய்க் கலந்துவிடுவதால், நீலம் வெளுக்குமேயன்றி முற்றும் மறையாது. சந்தேகம் தோன்றினால் வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விட்டுப் பார்க்கலாம்: பெட்ரோல் சுவடின்றி ஆவியாகும், மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை வளையமாகத் தங்கும்.

மாறாட்டம் தரையிலேயே தெரியவந்தால் எஞ்சினைக் கிளப்பலாகாது. நல்ல பெட்ரோலை மேலே ஊற்றி நீர்க்கச் செய்யும் எண்ணமும் கூடாது. தொட்டிகள், குழாய்கள், வடிகட்டிகள், கார்புரேட்டர் அனைத்தையும் வடித்துக் கழுவ வேண்டும். எஞ்சின் சிறிது நேரம் ஓடிவிட்டிருந்தாலும், மெக்கானிக் அதன் சிலிண்டர்களை உள்நோக்கிக் கருவியால் ஆராய்ந்து, அழுத்தச் சோதனையும் நடத்தி, உற்பத்தியாளர் விதித்தபடி பழுது இல்லையென உறுதிசெய்த பின்னரே விமானம் மீண்டும் பறக்கத் தகுதி பெறும்.