சேலம், நாமக்கல் வட்டார மரப்பாவைகளும் அவற்றைச் சேகரித்தலும்

மரப்பாவை என்பது பொம்மலாட்டத்தில் ஆட்டுவதற்காக மரத்தில் செதுக்கப்படும் உருவம். சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களின் சமவெளி ஊர்களில் மரப்பாவையாட்டம் தெருக்கூத்தோடு ஒட்டி வளர்ந்த கலையாகும். ஆடும் குழுக்கள் குறைந்ததால் பழைய பாவைகள் கலைப்பொருள்களாக மதிப்புப் பெற்று, அருங்காட்சியகங்களுக்கும் தனியார் சேகரிப்புகளுக்கும் செல்லத் தொடங்கின. ஒரு குழுவின் பாவைகள் ஒன்றாகச் சேர்ந்துதான் ஒரு நாடகத்தை நடத்துகின்றன. அவை பிரிந்து தனித்தனிப் பொருள்களாகும்போது, மரம் மிஞ்சினாலும் அந்த நாடகத்தை அறியும் வழி அடைபடுகிறது. மரப்பாவைச் சேகரிப்பின் முதன்மைச் சிக்கல் இதுவே.

பெயரும் பழமையும்

தமிழகத்தில் பாவைக்கூத்து இரண்டு வகைப்படும். ஆட்டுத்தோலில் உருவம் வெட்டி, சாயம் தீட்டி, விளக்கொளியில் திரையின் மேல் நிழலாகக் காட்டுவது தோல்பாவைக்கூத்து. மரத்தில் முழு உருவமாகச் செதுக்கிய பாவையைப் பார்வையாளர் முன் நேரடியாக ஆட்டுவது மரப்பாவைக்கூத்து. பேச்சு வழக்கில் இதுவே பொம்மலாட்டம் எனப்படுகிறது.

கயிற்றால் இயங்கும் மரப்பாவை தமிழில் மிகப் பழைய உவமை. திருக்குறளில் இரண்டு இடங்களில் இது வருகிறது. நாணுடைமை அதிகாரத்தின் 1020ஆம் குறள், மனத்தில் நாணம் இல்லாதவரின் நடமாட்டத்தைக் கயிற்றால் உயிருள்ளதுபோல் மயக்கும் மரப்பாவைக்கு ஒப்பிடுகிறது. ‘நாண்’ என்ற சொல் நாணத்தையும் கயிற்றையும் குறிப்பதை அக்குறள் பயன்படுத்திக்கொள்கிறது. இரவு அதிகாரத்தின் 1058ஆம் குறளிலும் மரப்பாவை இடம்பெறுகிறது. விளக்கம் எதுவும் இன்றி உவமை சொல்லப்படுவதால், கேட்பவர்கள் இந்த ஆட்டத்தைக் கண்டு பழகியிருந்தனர் என்று கொள்ளலாம்.

பாவையின் அமைப்பு

பாவை செய்வதற்குக் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரங்கள் விரும்பப்படுகின்றன. தலை, உடல், கை, கால் ஆகியவை தனித்தனியாகச் செதுக்கப்பட்டு மூட்டுகளில் இணைக்கப்படும். பின்னர் வண்ணம் பூசி, ஆடை உடுத்தி, அணிகலன் பூட்டுவர். எடை குறைந்த மரத்தில் செய்தாலும் தமிழகத்துப் பாவைகள் இந்தியாவின் கயிற்றுப் பாவைகளில் பெரியவை, கனமானவை. சில பாவைகள் நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும் உடையவை.

இப்பாவைகளில் கயிறும் கம்பியும் சேர்ந்து வேலை செய்கின்றன. பாவையின் தலையிலிருந்தும் உடலிலிருந்தும் வரும் கயிறுகள் ஓர் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். பாவையாட்டி அந்த வளையத்தைத் தன் தலையில் மகுடம்போல் அணிந்துகொள்வார். பாவையின் கைகளில் பொருத்திய இரும்புக் கம்பிகளை மேலிருந்து தன் கைகளால் இயக்குவார். அவர் தலை சாய்த்தால் பாவை சாயும். அவர் அடி எடுத்து ஆடினால் பாவையும் ஆடும். எனவே வளையமும் கயிறும் கம்பியும் இல்லாத பாவை முழுமையான பாவை ஆகாது.

வட்டார மரபு

நாமக்கல் மாவட்டம் 1997ஆம் ஆண்டு வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. எனவே கூத்து மரபைப் பொறுத்தவரை இரண்டையும் ஒரே வட்டாரமாகக் கொள்வது பொருந்தும். இங்கு தெருக்கூத்து ஆடும் கலைஞர்களே பாவையும் ஆட்டும் வழக்கம் உண்டு. கூத்தின் பாட்டும் வசனமும் அடவும் பாவையாட்டத்துக்கும் வந்து சேர்ந்தன. இராமாயண, மகாபாரதக் கதைகள், அரிச்சந்திரன், நல்லதங்காள், வள்ளி திருமணம் ஆகியவை பரவலாக ஆடப்படும் கதைகள். மாரியம்மன், திரௌபதியம்மன் கோயில் விழாக்களே இவற்றுக்கு முக்கிய மேடைகள்.

தமிழகப் பொம்மலாட்டத்தில் கதை தொடங்கும் முன் விநாயகர் பூசை, கோமாளி வருகை, அம்மானையாட்டம், பூச்செண்டாட்டம் ஆகிய முன்நிகழ்ச்சிகள் நடைபெறும். ஆகவே ஒரு குழுவின் பெட்டியில் அரசன், அரசி, தெய்வப் பாவைகளோடு கோமாளியும் ஆட்டக்காரியும் இருந்தாக வேண்டும். ஆடையையும் அணிகலனையும் மாற்றி ஒரே பாவையை வேறு வேறு அரசர்களாக ஆட்டுவதும் உண்டு. வண்ணம் உதிர்ந்தால் மீண்டும் பூசுவர். கை முறிந்தால் புதுக்கை பொருத்துவர். குழுவினருக்குப் பாவை ஒரு தொழிற்கருவி. பழைய வண்ணத்தை அப்படியே காப்பது சேகரிப்பவரின் தேவை. அடுத்த விழாவில் பளிச்சென்று தெரிவது குழுவின் தேவை.

மரச்செதுக்கு வேலையில் இவ்வட்டாரம் இன்றும் பெயர் பெற்றது. சேலம் மாவட்டம் தம்மம்பட்டியில் தெய்வ உருவங்களும் கோயில் வாகனங்களும் செதுக்கப்படுகின்றன.

திரைப்படத்தின் வருகை

இரவு முழுவதும் நடக்கும் கூத்துக்கும் பாவையாட்டத்துக்கும் பெரும் போட்டியாக வந்தது திரைப்படம். இவ்வட்டாரத்தில் அது வெளியூரிலிருந்து மட்டும் வரவில்லை. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் படமான ‘சதி அகல்யா’ 1937இல் வெளிவந்தது. பாவைக்குழுக்கள் ஆடிவந்த புராணக் கதைகளே திரைக்கும் முதலில் சென்றன. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை அந்நிறுவனம் எடுத்தது. கதை பார்க்க விரும்பியவர்களுக்குக் கொட்டகை எந்நாளும் திறந்திருந்தது. பாவையாட்டத்துக்கோ கோயில் விழா வரவேண்டியிருந்தது.

பேசும் பொம்மை

மரத்தில் செதுக்கிய மற்றொரு வகைப் பொம்மையைத் தமிழ் மக்களிடம் பரவலாகக் கொண்டுசென்றதும் திரைப்படமே. கே. பாலசந்தர் இயக்கிய ‘அவர்கள்’ (1977) படத்தில் கமல்ஹாசன் ஏற்ற பாத்திரம், ஜூனியர் என்ற பொம்மையைப் பேசவைக்கும். உதடு அசையாமல் பேசி, பொம்மையே பேசுவதுபோல் தோன்றச் செய்யும் இக்கலை வென்ட்ரிலோகிசம் எனப்படுகிறது. தமிழில் மாயக்குரல் என்றும் சொல்வர். படத்தில் ஜூனியருக்கான பாட்டுக்குரலைத் தந்தவர் நடிகர் சதன்.

இந்தியாவில் இக்கலையின் முன்னோடிகளுள் ஒருவர் மும்பையைச் சேர்ந்த ஒய். கே. பாத்யே. அவருடைய அர்தவட்ராவ் என்ற பொம்மையை அவர் மகன் இராமதாஸ் பாத்யே தொடர்ந்து மேடையேற்றினார். இவ்வகைப் பொம்மையின் வாயும் கண்ணும் முதுகுப்புறத்தில் உள்ள நெம்புகோல்களால் இயங்குகின்றன. சேலத்துப் பாவையில் பேச்சும் பாட்டும் திரைக்குப் பின்னிருந்து வருகின்றன. இரண்டிலும் மரம் ஓரிடத்திலும் குரல் வேறோரிடத்திலும் இருப்பதால், பொம்மையை மட்டும் சேகரிப்பவர் கலையின் பாதியையே பெறுகிறார்.

இதை உணர்ந்து அமைந்த சேகரிப்புக்கு எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள வென்ட் ஹேவன் அருங்காட்சியகத்தைச் சொல்லலாம். வில்லியம் ஷேக்ஸ்பியர் பெர்கர் என்ற தொழில்நிறுவன அதிகாரி 1910இல் தன் முதல் பேசும் பொம்மையை வாங்கினார். பொம்மைகளோடு கலைஞர்களின் ஒளிப்படங்கள், கடிதங்கள், நிகழ்ச்சி விளம்பரங்கள் ஆகியவற்றையும் சேர்த்தார். அவர் 1972இல் மறைந்தார்; மறு ஆண்டு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒவ்வொரு பொம்மையையும் யார் வைத்திருந்தார், எந்த மேடையில் பேசவைத்தார் என்பதைத் தேட அந்தத் தாள்களே இன்று துணை.

இந்தியாவில் சேகரிப்பு

விடுதலைக்குப் பிறகு பாவைகளைத் திரட்டும் பணியை நிறுவனங்கள் மேற்கொண்டன. தேவிலால் சாமர் 1952இல் உதயப்பூரில் தொடங்கிய பாரதிய லோக் கலா மண்டலம் பாவைகளுக்கெனக் காட்சியகம் வைத்ததோடு, பாவையாட்டத்தையும் நடத்தியது. 1953இல் தொடங்கப்பட்ட சங்கீத நாடக அகாதெமி இசைக்கருவிகள், முகமூடிகளோடு பாவைகளையும் சேகரித்தது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் பாவைகள் உள்ளன.

தனியார் சேகரிப்பில் சட்டமும் கவனிக்கத்தக்கது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டம் நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுடைய கலைப்பொருளைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அத்தகைய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். நூறு ஆண்டு நிறைவடையாத பாவைக்கு இப்பாதுகாப்பு இல்லை.

பதிவு செய்ய வேண்டியவை

பாவை ஒன்றைப் பெறும் நிறுவனமோ தனிநபரோ பின்வருவனவற்றைப் பதிவு செய்வது அவசியம்.

1. பாவை எந்த ஊரின் எந்தக் குழுவுக்கு உரியது, பெட்டியில் அதனுடன் இருந்த பிற பாவைகள் எவை.
2. எந்தெந்தப் பாத்திரங்களாக அது ஆடப்பட்டது, அவற்றுக்குரிய ஆடை அணிகள் எவை.
3. வளையம், கயிறு, கம்பி ஆகியவற்றின் கட்டுமுறை. கயிற்றை அவிழ்க்கும் முன் ஒளிப்படம் எடுக்க வேண்டும்.
4. மரம் எது, வண்ணம் எத்தனை முறை பூசப்பட்டது, எந்த உறுப்பு மாற்றப்பட்டது.
5. ஆட்டியவர் சொல்லும் கதை, பாடும் பாட்டு, அடவு ஆகியவற்றின் ஒலி, ஒளிப்பதிவு.

இவற்றுள் ஐந்தாவதே அவசரமானது. மென்மரம் கரையானுக்கும் ஈரத்துக்கும் எளிதில் இரையாகும் என்றாலும், உலர்ந்த இடத்தில் நேர் வெயில் படாமல் வைத்தால் பல தலைமுறை நிற்கும். பாட்டும் அடவும் ஆட்டுபவரின் வாழ்நாள் வரையே நிற்கும்.

இன்றைய நிலை

சேலம் வட்டாரத்தில் கலைஞர்களையும் கலையையும் சேர்த்தே காக்கும் முயற்சிகள் உள்ளன. மேட்டூர் வட்டம் ஏர்வாடியிலிருந்து எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன் நடத்திவரும் ‘மணல்வீடு’ சிற்றிதழும், அதனோடு தொடர்புடைய களரி அமைப்பும் கூத்து, பொம்மலாட்டம், தோல்பாவைக்கூத்துக் கலைஞர்களுக்கு மேடை அமைத்துத் தருகின்றன. குழு ஆடும் வரை அதன் பாவைகளை விலைக்கு வாங்காமல், ஆட்டத்துக்கு அழைத்துக் கூலி கொடுப்பது பாவையைக் காக்கும் முதல் வழி. குழு கலைந்த பின் பெட்டியைப் பிரிக்காமல் முழுமையாகப் பெற்று, விவரங்களோடு ஓரிடத்தில் வைப்பது அடுத்த வழி. அவ்வாறு வைக்கப்பட்ட பாவையைக் கொண்டு, பின்னால் வருபவர் மீண்டும் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள இயலும்.