கரிசல் விழுங்கிய கற்கள்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் மண் மழைக்கு உப்பிப் பெருக்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அந்த மண்ணில் நட்ட கல் நட்ட வாக்கிலேயே நிற்பது அபூர்வம். முதலில் லேசாகச் சாயும். பிறகு புதையும். டிராக்டர் கொழு பட்டு ஒரு நாள் பெயர்ந்தே போகும். அந்தக் கல் சர்வே கல்லாக இருந்துவிட்டால், அடுத்த பத்து வருடத்தில் இரண்டு குடும்பங்கள் வரப்பில் நின்று மல்லுக்கட்டும்.

கல் போனாலும் அது நின்ற இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு புலப்படம் உண்டு. அதில் நிலத்தின் மூலைகள், மூலைக்கு மூலை தூரம், குறுக்கே இழுத்த கோடுகள், வளைந்த வரப்புகளுக்கு அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக எடுத்த ஆஃப்செட் அளவுகள் எல்லாம் எண்களாக இருக்கும். நிலத்தை முக்கோணங்களாக வெட்டி, மூன்று பக்க நீளத்தையும் எழுதி வைத்துவிட்டால், எந்தக் காலத்திலும் அந்த வடிவத்தைத் திரும்பக் கட்டிவிடலாம். மைக்கேல் டாப்பிங் 1794-ல் சென்னையில் சர்வே பள்ளி தொடங்கிய நாளிலிருந்து, உழவரிடமே அரசு நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரிக் கிராமங்கள் அளக்கப்பட்ட 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரை, இந்த நம்பிக்கையின் மேல்தான் நிலக் கணக்கு முழுவதும் நின்றது.

அளந்த கருவி, ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்மண்ட் கன்டரின் பெயரால் வழங்கும் சங்கிலி: 66 அடி நீளம், 100 கண்ணிகள். பத்து சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், அதில் நூறில் ஒரு பங்கு சென்ட். இன்று விருதுநகரில் மனை வாங்குகிறவர் 435.6 சதுர அடி என்று மனப்பாடமாகச் சொல்லும் சென்ட், 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் பிறந்த அந்தக் கண்ணிகளின் கணக்கு.

தனித்தனிப் புலப்படம் எல்லாம் சரி. அவற்றை ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கிராம வரைபடம் ஆக்கும்போதும், ஒரு வரைபடத்தின் மேல் இன்னொன்றை வைக்கும்போதும்தான் சிக்கல் தலையெடுக்கும். பழைய கிராம வரைபடங்கள் மைலுக்கு 16 அங்குலம், அதாவது 3,960-க்கு ஒன்று என்ற அளவில் வரையப்பட்டவை. அதில் அரை மில்லிமீட்டர் தடிமனில் பென்சில் கோடு போட்டால், அந்தக் கோடு மட்டுமே நிலத்தில் ஏறத்தாழ 2 மீட்டரை மூடிக்கொள்ளும். ஒரு வண்டிப்பாதைக்கு அது போதும்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் அப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் தாலுகாக்கள் முதலில் திருநெல்வேலி மாவட்டம். 1910-ல் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அவை அங்கே போயின. 1985-ல் இராமநாதபுரம் மூன்றாகப் பிரிந்தது. இந்தப் பகுதி காமராஜர் மாவட்டம் ஆயிற்று. 1997-ல் மாவட்டங்களுக்கு இட்ட தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட, விருதுநகர் மாவட்டம் என்றானது. அந்த விருதுநகரே 1923 வரை விருதுபட்டிதான். 1899-ல் சிவகாசியில் நடந்த கலவரத்தைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர் திருநெல்வேலி ஆவணங்களைப் புரட்ட வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் அப்போது பிறக்கவே இல்லை.

மக்கள்தொகையை ஒப்பிட நினைப்பவருக்கு இது இன்னும் பெரிய தலைவலி. 1901 கணக்கெடுப்பின் எல்லையும் 1911 கணக்கெடுப்பின் எல்லையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பழைய தாலுகாவில் எத்தனை பங்கு நிலம் புதிய எல்லைக்குள் விழுகிறது என்று பார்த்து, அந்த விகிதத்தில் ஆட்களையும் பங்கிடுவது வழக்கமான முறை. இதில் ஒரு பெரிய அனுமானம் ஒளிந்திருக்கிறது: ஆட்கள் நிலம் முழுவதும் சீராகப் பரவி வாழ்கிறார்கள் என்பது. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டையும் கிழக்கே நெருக்கமான ஊர் வீதிகளையும் ஒரே தராசில் நிறுத்துகிற அனுமானம் அது.

ஜமீன் பகுதிகள் இன்னொரு கதை. சேத்தூர் போன்ற ஜமீன் நிலங்கள் 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசின் நேரடிக் கணக்குக்குள் வந்தன. பக்கத்து ரயத்துவாரிக் கிராமத்தின் எல்லை ஒரு தலைமுறையில் அளக்கப்பட்டது, இதன் எல்லை இன்னொரு தலைமுறையில். இரண்டு தலைமுறைக் கைகள் ஒரே வரப்பை இரண்டு விதமாக வரைந்திருந்தால், நடுவில் யாருக்கும் சேராத ஒரு கீற்றோ, இருவருக்கும் சேர்ந்த ஒரு கீற்றோ மிஞ்சும்.

அந்தக் கீற்றுதான் இந்தக் கதையின் மையம்.

விவசாயம் மட்டுமே இருந்தவரை அது வரப்புச் சண்டையோடு நின்றது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அதே பத்தாண்டில், 1923-ல், சர்வே மற்றும் எல்லைகள் சட்டமும் வந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வேரூன்றியது. வறண்ட காற்றும் குறைந்த மழையும் அதற்குத் தோதாக இருந்தன. இன்று சிவகாசி வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள். வரைபடத்தின் மேல் வரைபடம் வைத்துப் பார்ப்பது இங்கே உயிர் சம்பந்தப்பட்ட வேலையானது பட்டாசு வந்த பிறகுதான்.

ஏனெனில் பட்டாசு ஆலையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வட்டங்கள் இருக்கின்றன. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும், கடைசியாக 2008 விதிகளும், எந்த அறையில் எவ்வளவு மருந்து இருக்கலாம், அடுத்த அறை எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், சாலையும் வீடும் எவ்வளவு தள்ளி என்று அட்டவணை போட்டு வைத்திருக்கின்றன. உரிமம் கேட்பவர் சுற்றுப்புறத்தோடு சேர்த்து அளவுப்படி வரைந்த தளவரைபடம் கொடுக்க வேண்டும். சிவகாசிப் பேச்சில் உரிமங்களை அவற்றைத் தரும் அலுவலகத்தின் பெயராலேயே சொல்வார்கள்: நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ். 15 கிலோ வரை மருந்து வைக்கும் சிறிய ஆலைக்கு மாவட்ட நிர்வாகம், அதாவது டி.ஆர்.ஓ. எனப்படும் மாவட்ட வருவாய் அலுவலர். அதற்கு மேல் வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் சென்னை அலுவலகம். பெரிய ஆலைக்கு நாக்பூர் தலைமையகம். அனுமதி எங்கிருந்து வந்தாலும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: இந்த வட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள்?

அந்தக் கேள்விக்குக் காகிதத்தில் விடை தேடிய காலத்தில், டிரேசிங் தாளில் வட்டத்தை வரைந்து கிராம வரைபடத்தின் மேல் வைத்து, கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் பார்ப்பார்கள். வெட்டும் பகுதியின் பரப்பைச் சின்னச் சதுரங்களாக எண்ணிக் கணக்கிடுவார்கள். ஓர் ஊருக்கு ஒரு நாள் போகும். உலகம் முழுவதும் இதே கதைதான். 1960-களின் தொடக்கத்தில் புவியியலாளர் ராஜர் டாம்லின்சன், கென்யாவில் காடு வளர்க்கத் தோதான இடம் தேடும் வேலையில், பல வரைபடங்களைக் கையால் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டார். கட்டுப்படியாகாது என்று அந்த வேலை கைவிடப்பட்டது. கணினியால் இது முடியுமா என்ற யோசனை அவருக்கு அங்கே பிடிபட்டது. கனடா நாட்டு நிலக் கணக்குக்காக அவர் கட்டிய அமைப்பே ஜி.ஐ.எஸ். எனப்படும் இன்றைய புவியியல் தகவல் அமைப்புகளின் மூதாதை.

கணினி செய்வது புதிய காரியம் அல்ல. புலப்பட முறைதான், பொறுமை மட்டும் எல்லையற்றது. ஒவ்வொரு நிலமும் மூலைப் புள்ளிகளின் வரிசையாக, ஒரு பலகோணமாகத் தரவுத்தளத்தில் கிடக்கிறது. ஓர் அடுக்கில் பட்டா நிலங்கள், இன்னோர் அடுக்கில் பாதுகாப்பு வட்டங்கள், மூன்றாவதில் கண்மாய் நீர்ப்பிடிப்பு. முதலில் ஒவ்வொரு பலகோணத்தையும் ஒரு செவ்வகத்துக்குள் அடைத்து, செவ்வகங்களே ஒன்றையொன்று தொடாதவற்றை ஒதுக்கிவிடும். ஆன்டோனின் கட்மன் 1984-ல் விவரித்த ஆர்-மர அமைப்பு இந்த ஒதுக்கலை நொடியில் முடிக்கிறது. மிஞ்சிய ஜோடிகளில் கோட்டுக்குக் கோடு எங்கே வெட்டுகிறது என்று கண்டு, வெட்டிய புள்ளிகளில் கோடுகளைத் துண்டாக்கி, துண்டுகளை வளையங்களாகத் திரும்பக் கோத்து, ஒவ்வொரு வளையமும் எந்த அடுக்குக்குள் விழுகிறது என்று பெயரிடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் மேல் 2001-ல் வெளிவந்த போஸ்ட்ஜிஐஎஸ் இதை எல்லோர் கைக்கும் இலவசமாகக் கொண்டு சேர்த்தது.

ஆனால் கீற்று இங்கேயும் விடவில்லை. ஒரே வரப்பு இரண்டு அடுக்குகளில் இரண்டு கைகளால் பதிவாகியிருந்தால், கணினி அதை இரண்டு வரப்பாகவே எடுத்துக்கொண்டு, நடுவில் ஊசி போன்ற நூற்றுக்கணக்கான பலகோணங்களைத் துப்பும். கையால் வைத்துப் பார்த்தவர் "ரெண்டும் ஒரே வரப்புதான்" என்று கண்ணாலேயே தீர்த்துவிடுவார். கணினிக்கு அந்தக் கண் கிடையாது. ஹார்வர்டில் 1970-களின் இறுதியில் எழுதிய வேர்ல்பூல் என்ற நிரல், குறிப்பிட்ட தூரத்துக்குள் நெருங்கும் புள்ளிகளை ஒன்றாகக் கருதலாம் என்ற சலுகையைக் கணக்குக்குள் கொண்டுவந்தது. அந்தச் சலுகை எவ்வளவு என்பதை இன்றும் மனிதர்தான் சொல்ல வேண்டும். அரை மீட்டர் என்றால் கீற்று போகும். 5 மீட்டர் என்றால் ஒரு நடைபாதையும் சேர்ந்து போகும்.

இன்னும் நுட்பமான ஏமாற்றங்கள் உண்டு. ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-ல் கணித்த பூமி வடிவத்தின் மேல் வரைந்த பழைய நிலவரைபடத்தையும், இன்றைய செயற்கைக்கோள் வரைபடத்தையும் மாற்றுக் கணக்குப் போடாமல் அடுக்கினால், சிவகாசி நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்து உட்காரும். பாதுகாப்புத் தூரமே நூறு மீட்டர் என்றால், விடை முழுவதும் வீண். வட்டமும் வட்டமல்ல. ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போடச் சொன்னால், போஸ்ட்ஜிஐஎஸ் தன் இயல்பான அமைப்பில் 32 பக்கமுள்ள பலகோணத்தைத்தான் தருகிறது. மூலைகள் வட்டத்தின் மேல் இருக்கும், பக்கங்கள் உள்ளே தள்ளி இருக்கும். 100 மீட்டர் வட்டத்தில் பக்கத்தின் நடுவில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் குறையும். விளிம்பில் ஒரு வீட்டுச் சுவர் இருந்தால், அது வெளியே என்று பதில் வரும்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். திருத்த முடியாதவை வேறு. தரவுத்தளம் எங்கே என்று சொல்கிறது, எப்போது என்று தானாகச் சொல்லாது. ஆலை முதலில் வந்ததா, வீடு முதலில் வந்ததா? 2021-ல் சிவகாசி நகராட்சியோடு திருத்தங்கலும் சேர்ந்து மாநகராட்சியானது. ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே என்று சொன்ன இடங்களை நோக்கி வீடுகள் நடந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பலகோணத்துக்கும் ஒரு தேதி கூடவே பதிவாகாவிட்டால், யார் யாருடைய வட்டத்துக்குள் வந்தார் என்ற வழக்குக்கு வரைபடத்தில் விடையே இருக்காது.

அளவும் அப்படித்தான். வட்டத்தின் ஆரம் உள்ளே இருக்கும் மருந்தைப் பொறுத்தது. வெடிப்பின் அலையைக் கணக்கிடும் கன மூல விதிப்படி மருந்து 8 மடங்கானால் தூரம் 2 மடங்காக வேண்டும். உரிமத்தில் எழுதிய அளவுக்குப் போட்ட வட்டம், தீபாவளி நெருங்கும் மாதங்களில் உள்ளே உண்மையில் இருக்கும் அளவுக்குப் பொருந்துமா? அறைக்குள் நடக்க வேண்டிய வேலை மரத்தடிக்கு நகர்ந்தால், உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை உள்குத்தகைக்கு எடுத்தவர் கையிலும் இருந்தால், வட்டத்தின் மையமே தவறான இடத்தில் இருக்கிறது. எத்தனை துல்லியமான நிரலும் அந்த மரத்தைப் பார்க்காது. பார்க்க வேண்டியவர் நேரில் போகும் ஆய்வாளர்தான்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற ஓடி வந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். தூரத்தில் பத்திரமாக இருந்தவர்கள், தங்கள் காலால் கோட்டைக் கடந்து வட்டத்துக்குள் வந்தார்கள். குடியிருப்பு அடுக்கையும் பாதுகாப்பு அடுக்கையும் எப்படி வெட்டிப் பார்த்தாலும் அந்த மனிதர்கள் தென்படமாட்டார்கள்.

தமிழ்நாட்டின் புலப்படங்கள் இப்போது கணினிக்குள் ஏறிவிட்டன. தேசிய தகவலியல் மையம் செய்த கொலாப்லேண்ட் மென்பொருளில் வரைந்தவற்றை விவசாயி செல்பேசியிலேயே எடுத்துப் பார்க்கலாம். ஆனால் கரிசலில் கல் காணாமல் போனால் இன்றும் எஃப்-லைன் எனப்படும் எல்லை அளவீட்டுக்கு மனுப் போட வேண்டும். பக்கத்து நிலக்காரர்களுக்கும் அறிவிப்புப் போகும். குறித்த நாளில் எல்லோரும் வரப்பில் நிற்பார்கள். சர்வேயர் முதலில் தப்பிப் பிழைத்த இரண்டு கற்களைத் தேடுகிறார். ஒன்றிலிருந்து புலப்படத்தில் எழுதிய நீளத்துக்கு அளவு நாடாவைப் பிடித்து மண்ணில் ஒரு வளைவு கீறுகிறார். மற்றதிலிருந்து அதற்குரிய நீளத்தில் இன்னொரு வளைவு. இரண்டு கீறலும் வெட்டும் இடத்தில் கடப்பாரையைப் போட்டுத் தோண்டச் சொல்கிறார். சில சமயம் இரண்டடி ஆழத்தில் அந்தக் கல் கிடைக்கிறது, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி.