அண்ணனைத் தாண்டிய பந்து

போன வாரம் மகள் பள்ளிவிட்டு வந்ததும் பையை ஒரு மூலையில் வீசிவிட்டு, "அப்பா, இனிமே பாஸ்கெட்பாலுக்குப் போகல" என்றாள். பதினாலு வயசு. டீமிலேயே அவள்தான் குள்ளம். (நம்ம குடும்பத்து உயரம், யாரைக் குறை சொல்ல?) எப்படிப் போட்டாலும் ஒரு நெட்டைக் கை வந்து தட்டிவிடுகிறதாம்.

புத்திமதி சொன்னால் எடுபடாது என்று தெரியும். அதனால் ஒரு கதை சொன்னேன்.

1934. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு பண்ணை. காற்றாடிக் கம்பத்தில் ஒரு வளையம். கென்னி செய்லர்ஸ் என்ற 13 வயசுப் பையன் அண்ணனோடு விளையாடுகிறான். அண்ணன் வளர்த்தி 6 அடி 5 அங்குலம்! பந்து அவரைத் தாண்டவே இல்லை. அந்தக் காலத்தில் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, இரண்டு கையாலும்தான் எறிவார்கள். தம்பிக்கு வேறு வழி தெரியவில்லை. ஓடிவந்து, சட்டென்று நின்று, நேர் மேலே குதித்து, உச்சியில் ஒரு கையால் விட்டான்.

விஷயம் இவ்வளவுதான். எப்போது குதிப்பது என்பது எறிபவனுக்குத்தான் தெரியும். தடுப்பவன் அதைப் பார்த்த பிறகுதான் குதிக்க முடியும். அந்த அரை நொடி குள்ளனுக்குச் சொந்தம்.

செய்லர்ஸ்தான் முதல் ஆள் என்று சத்தியம் பண்ண முடியாது. அதே காலத்தில் வேறு சிலரும் குதித்திருக்கிறார்கள். 1936-லேயே ஸ்டான்ஃபோர்டின் ஹாங்க் லூசெட்டி ஒற்றைக் கையால் எறிந்து, தொடர்ந்து 43 ஆட்டம் ஜெயித்திருந்த லாங் ஐலண்ட் அணியைத் தோற்கடித்தார். ஆனால் 1943-ல் நியூயார்க்கில் வயோமிங் 46-34 என்று ஜார்ஜ்டவுனை வென்று கோப்பை வாங்கியபோது, குதித்து எறிவதை நாடே பார்த்தது. செய்லர்ஸ் 2016-ல், 95 வயதில் காலமானார்.

"இதெல்லாம் அமெரிக்காக் கதைப்பா" என்றாள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 1891-ல் இந்த ஆட்டம் பிறந்தது ஒரு ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில். சென்னையில் அதே ஒய்எம்சிஏ-வின் உடற்கல்விக் கல்லூரியை ஹாரி பக் 1920-ல் ஆரம்பித்தார். அந்தச் சென்னையில் வளர்ந்தவர்தான் அனிதா பால்துரை. தெற்கு ரயில்வேயில் வேலை, இந்திய அணிக்குப் பல வருஷம் கேப்டன்.

2017 ஜூலையில் லீவுக்குப் பெங்களூர் போயிருந்தோம். கப்பன் பார்க் பக்கத்திலுள்ள கண்டீரவா உள்ளரங்கில் மகளிர் ஆசியக் கோப்பையின் பி பிரிவு இறுதி ஆட்டம். கஜகஸ்தான் பெண்கள் எல்லாம் பனைமரம் மாதிரி. அப்போது இவளுக்கு ஐந்து வயசு, என் தோள்மேல் உட்கார்ந்திருந்தாள். 75-73. இரண்டே புள்ளியில் இந்தியா ஜெயித்து ஏ பிரிவுக்குப் போனது. அரங்கில் கன்னடம், தமிழ், மலையாளம் எல்லாம் ஒரே கூச்சலாகக் கலந்துபோனது. அந்த அணியில் அனிதாவும் இருந்தார், ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு. 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

"எனக்கு ஞாபகமே இல்லையே" என்றாள். எனக்கு இருக்கிறது. தோளில் இவள் குதித்த வலி இரண்டு நாள் போகவில்லை.

சனிக்கிழமை காலை வாசலில் பந்து தட்டும் சத்தம். போய்க் கையைத் தூக்கி, அண்ணன் மாதிரி நின்றேன். பத்தில் எட்டு வெளியேதான் போனது. ஆனால் ஒன்றைக்கூட என்னால் தட்ட முடியவில்லை.