பால் கேனில் வந்த ரத்தம்

காங்கேயத்துப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். நெஞ்சுக்குள் உலோக வால்வு, தினம் ஒரு வார்பரின் மாத்திரை, தொழுவம் நிறைய மாடு கன்று என்று சுகமாக இருப்பவர். சென்ற மாதம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளக் கோயமுத்தூருக்கு வந்தார்.

"ரத்தம் நிக்காம ஓடுமுன்னு நாலு நாளா மாத்திரையை நிறுத்திப் போட்டனுங்க" என்றார், ஏதோ சாமர்த்தியம் செய்தவரைப் போல.

பல் டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? பல்லில் வருகிற ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தி நிறுத்திவிடலாம். வால்வில் ரத்தம் உறைந்தால் என்ன செய்வது?" என்று கடிந்து, உடனே இருதய டாக்டரிடம் அனுப்பினார்.

வழியில் பெரியவர் கேட்டார்: "இது எலி மருந்துங்கிறாங்களே, நெசமுங்களா?"

நிஜந்தான். ஆனால் கதை மாட்டிலிருந்து தொடங்குகிறது என்றேன். மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

1920-களில் வட அமெரிக்காவில், ஸ்வீட் க்ளோவர் என்னும் தீவனப் பயிர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துப்போக, அதைத் தின்ற மாடுகளுக்கு ரத்தம் உறையாமல் போயிற்று. கொம்பறுத்த 22 பசுக்களில் 21 செத்தன. காயடித்த 25 காளைகளில் 12 செத்தன. ரத்தம் உறையாத உடம்பில் கத்தி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மாட்டுப் பட்டியே சாட்சி!

1933 பிப்ரவரியில், விஸ்கான்ஸின் குடியானவர் எட் கார்ல்ஸன், செத்த கிடாரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், நூறு ராத்தல் தீவனத்தையும் ஏற்றிக்கொண்டு, கொட்டுகிற பனியில் 190 மைல் ஓட்டி வந்தார். கால்நடை அதிகாரியின் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. தற்செயலாகக் கார்ல் லிங்க் என்ற ரசாயன நிபுணரின் ஆய்வுக் கூடத்தில் நுழைந்தார். லிங்கின் கூட்டத்தார் ஆறு வருஷம் பாடுபட்டு 1939-ல் அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். அதன் தம்பிதான் வார்பரின். 1948-ல் எலிக்கு வந்தது, 1954-ல் மனிதருக்கு. மறு வருஷமே ஜனாதிபதி ஐஸன்ஹோவருக்கும் கொடுத்தார்கள். மிஞ்சினால் முறிக்க வைட்டமின் கே இருந்தது.

பெரிய ஆபரேஷனென்றால் கணக்கே வேறு. ஐந்து நாள் முன்பு வார்பரினை நிறுத்துவார்கள். ஆபத்து அதிகமுள்ள வால்வுக்காரருக்கு, நடுவில் சீக்கிரம் வலுவிழக்கும் ஹெப்பாரின் ஊசி. எதை எப்போது என்று தீர்மானிப்பது டாக்டர். நம்மவரோ தாமே தீர்மானித்துவிட்டார்.

இருதய டாக்டர் ரத்தம் சோதித்து மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார். அளவு சரியானபின், மாத்திரையை நிறுத்தாமலே பல்லைப் பிடுங்கினார்கள். வாயில் பஞ்சோடு பெரியவர் கேட்டார்: "அந்தக் குடியானவன் மாடெல்லாம் பொழைச்சுதுங்களா?"

அந்தத் தீவனத்தைப் போடாதே என்பதற்கு மேல் லிங்கால் அன்று அதிகம் சொல்ல முடியவில்லை என்றேன்.

"அடப் பாவமே" என்றார், பஞ்சை அழுத்திக்கொண்டே.