கொழும்பு வடக்கின் பெண்களும் சமூகப்பணியின் விடுபட்ட ஏடுகளும்

களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரம், அரசாங்க சபைக் காலத்தில் கொழும்பு வடக்குத் தொகுதிக்குள் இருந்தது. மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் நெருங்கி வாழ்ந்த அந்தத் தொகுதி 1932 இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்துவைத் தெரிவு செய்தது. இலங்கையின் சட்டசபைக்குள் நுழைந்த இரண்டாவது பெண் அவர். தமிழ்ப் பெண்களில் முதலாமவர். பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.

கணவர் வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து தேர்தல் வழக்கில் ஆசனத்தை இழந்ததால் வந்த வாய்ப்பு என்றே அந்த வெற்றி பெரும்பாலும் சொல்லப்படுகிறது. 1936இலும் அதே தொகுதி அவரையே அனுப்பியது என்பதை அந்தக் கதை விளக்காது. இரண்டு தேர்தல்களுக்கும் நடுவே மலேரியா வந்தது. 1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்க, அவற்றில் நுளம்பு பெருகியது. சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். நோய் பரவிய பகுதிகளில் செய்த பணிக்காக மக்கள் நேசம் சரவணமுத்துவை ‘மலேரியா ராணி’ என்று அழைத்தார்கள்.

டொரீன் விக்கிரமசிங்க போன்ற பெண்கள் முன்னின்ற, ஏகாதிபத்தியத்தை எதிர்த்த சூரியமல் இயக்கத்தாரும் அதே வேளையில் நிவாரணத்தில் இறங்கினர். கொயினா மருந்தும் பருப்பும் கிராமங்களுக்குப் போயின. அந்தப் பணி இன்று இடதுசாரித் தலைவர்களான என். எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் 1936இல் சபைக்குள் வந்த கதையின் முன்னுரையாகவே நினைவுகூரப்படுகிறது. தாமே காய்ச்சலில் கிடந்துகொண்டு பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்த தாய்மார் எப்படி மீண்டார்கள் என்று கேட்டவர் குறைவு.

பெண்களின் பணி இப்படி ஏட்டில் விடுபட்டதற்கு வைத்தியர் மேரி இரத்தினத்தின் வாழ்வு இன்னும் தெளிவான சான்று. கனடாவில் 1873இல் பிறந்த அவர், இலங்கைத் தமிழரை மணந்ததால் தம்மை அனுப்பிய கிறிஸ்தவ மிஷனின் ஆதரவை இழந்தார். கொழும்பிலேயே தங்கிப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். கிராமப் பெண்கள் கூடி சுகாதாரம், உணவு, தையல், தோட்டம் ஆகியவற்றைக் கற்ற சங்கம் அது. ஒரு வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார், எந்தக் கர்ப்பிணிக்கு இரத்தம் போதாது என்பது அத்தகைய கூட்டங்களில்தான் வாய்விட்டுப் பேசப்படும். சமூகப்பணி ஆய்வுக்கு அதைவிட நல்ல மூலப்பொருள் இல்லை. 1958இல் அவருக்கு ரமோன் மகசாசே விருது கிடைத்தது. விருது வந்தபோது அவருக்கு வயது 85.

இலங்கையில் முறையான சமூகப்பணிக் கல்வி 1952இல் தொடங்கியதாகப் பாடநூல்கள் கூறுகின்றன. அந்தக் கல்விக்கான நிறுவனத்தை உருவாக்க முன்னின்ற டொரத்தி மோசஸும் இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணே. ஆனால் 1952 என்ற கோடு, அதற்கு முன் நடந்த அனைத்தையும் ‘தொண்டு’ என்று ஒதுக்கிவிட்டது. அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. ஜேன் ஆடம்ஸும் அவருடைய தோழியரும் சிக்காகோவின் ஏழைக் குடியிருப்புகளை வீடு வீடாக ஆராய்ந்து 1895இல் வரைபடங்களோடு நூலாக்கினார்கள். பல்கலைக்கழகச் சமூகவியலோ நெடுங்காலம் அவர்களைச் சீர்திருத்தவாதிகளாக மட்டுமே கண்டது.

தொண்டு என்று பெயரிட்டால் ஊதியம் கேட்க முடியாது, களைப்பைப் பற்றியும் பேச முடியாது. முகத்துவாரத்தில் ‘தோட்டங்கள்’ எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளுக்கு இன்று கேள்விக்கொத்தோடு போகும் மாணவர்கள், அங்கே வழிகாட்டி வீடுகளைத் திறந்துவிடும் பெண்களின் உழைப்பையும் உடல்நலத்தையும் தங்கள் ஆய்வேட்டில் தனி அத்தியாயமாக எழுதவேண்டும்.